கமிஷன் கேட்ட பல்

எல்லைப் போராட்ட நாட்களில், பாறசாலையில் எல்லாக் கட்சிக்காரரும் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தது ஒருவர் முன்னால் மட்டும்தான். அவர் பல் பிடுங்கும் கொறடு வைத்தியர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார். எந்தப் பல் என்றும் கேட்க மாட்டார். அதில்தான் நான் அகப்பட்டேன்.

என் நல்ல கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு, "கேடு பக்கத்துப் பல்லுக்காக்கும். இனி அதுக்கு எடம் உண்டு, வலிக்காது" என்றார்.

நான் இளம் வாத்தியார். ஆத்திரத்தில், அவருடைய லைசென்ஸை ரத்து செய்யும்படி திருவனந்தபுரத்து வைத்திய லைசென்ஸ் கமிஷனுக்கு மனு எழுதினேன். என் கோபம் ஒரு வாரத்தில் ஆறியது, கமிஷன் ஆறவில்லை. சாட்சியை வரவழைக்கவும், தடயத்தைக் கேட்டு வாங்கவும் அதற்குக் கோர்ட்டைப் போல அதிகாரம் உண்டு. இருவருக்கும் சம்மன் வந்தது. பிடுங்கிய பல்லோடு நான் ஆஜராக வேண்டும். தவறினால் தண்டனை, வேலையும் போகும். பல்லையோ அன்றே என் வீட்டு ஓட்டுக்கூரைமேல் எறிந்திருந்தேன்.

வைத்தியர், தமிழ்நாட்டோடு சேரக் கேட்கும் ஊர்வலத்தில் முன்வரிசைக்குப் போய்விட்டார். "எல்ல மாறிச்சின்னா இந்தச் சம்மன் செல்லாதுல்லா? ஒறக்க விளிங்கலே!" என்று, கோஷம் போதாதென்று பின்னால் வந்தவர்களை விரட்டினார். விசாரணைக்குள் எல்லை நகரவில்லை.

முந்தின நாள் அவரிடம் போனேன். "வைத்தியரே, மனு போட்டது நானாக்கும்."

"தெரியும் மக்கா. நல்ல பல்லு போனது ஒனக்கு மட்டுந்தானே. பல்லு எங்க?"

"கூரைமேல."

"ஏணி எடு!"

பல் கிடைக்காவிட்டால் அவர் தப்பலாம். இருந்தும் ஏறினார். நாலு ஓடு உடைந்ததுதான் மிச்சம். "வெப்ராளப்படாதே. காலைல பல்லு உண்டு" என்று போய்விட்டார்.

காலையில் பஸ்ஸில் ஒரு பொட்டலம் தந்தார். தாடையைச் சுற்றித் துவர்த்துத் துண்டு கட்டியிருந்தார்; வழியெல்லாம் பேசவில்லை. பயம் என்று நினைத்தேன்.

கமிஷன் தலைவர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழுச் சொத்தை. பிடுங்கியது சரிதானே? இது உங்கள் பல்தானா?"

"ஆமாம்" என்று சத்தியம் செய்தேன். வீண்புகார் என்று என்னைக் கண்டித்து, பல்லைத் திருப்பித் தந்து, இருவரையும் அனுப்பிவிட்டார்கள். திட்டு வாங்கி அவ்வளவு நிம்மதி அடைந்தது அன்றுதான்.

வெளியே வந்ததும் வைத்தியர் துவர்த்தை அவிழ்த்தார். கன்னம் பலாக்காய் போல வீங்கியிருந்தது.

"நம்ம பல்ல நாமளே எடுக்கது கொஞ்சம் பாடாக்கும் மக்கா."

இன்று என் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. பெட்டியில் அவருடையது ஒன்று இருக்கிறது.