கருத்துக் கேட்பு

கூட்டத்தின் முன்வரிசையில் கணவனைக் கண்டதும் தையல்காரி கடைசி வரிசைக்கு நழுவினாள். ஓவர்டைம் என்றல்லவா சொல்லிவிட்டுப் போனார்?

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் அணுக்கழிவைப் புதைக்க ஒரு சட்ட மசோதா வருகிறது. அதை எதிர்த்துப் பேசத்தான் அவள் வந்திருந்தாள், வீட்டில் பட்டன் கடைக்கு என்று சொல்லிவிட்டு. கணவன் அணுமின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். மசோதாவைப் புகழ்பவர்களுக்குக் கைதட்ட, மேலாளர் தொழிலாளர்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார். இவள் பேசுவது தெரிந்தால் கணவனுக்கு வேலை போய்விடும்.

துணித்தூசிக்காகப் பையில் வைத்திருந்த முகக்கவசத்தை மாட்டினாள். குரலையும் கரகரப்பாக்கிக்கொண்டு பின்வரிசை மைக்கில் ஆரம்பித்தாள்.

"என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா? தண்ணி குடிங்க" என்றார் கூட்டத் தலைவர்.

தண்ணீர் குடித்தால் முகம் தெரிந்துவிடும். "தாகமில்லைங்க."

"ஒண்ணும் கேக்கல. முன்னால வந்து பேசுங்க."

முன்னால் வந்தாள். கணவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவனுக்கு முதுகைக் காட்ட மைக்கைத் திருப்பியதில் வயர் பிடுங்கிக்கொண்டது.

"இங்க எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"நம்மாளு இருக்காரே! போய்யா, பாரு" என்று மேலாளர் அவனைத் தள்ளிவிட்டார்.

வயரைச் செருகக் குனிந்தவன், நிமிர்ந்ததும் அப்படியே நின்றான். கண்ணை எந்தக் கவசத்தால் மறைப்பது?

"பட்டன் கடை இங்கயா இருக்கு?" என்றான் பல்லைக் கடித்தபடி.

"உங்க ஓவர்டைம் மட்டும்?"

அவன் முகம் வெளுத்தது. திரும்பி மேலாளரைப் பார்த்தான். பிறகு மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினான். "வந்தது வந்துட்ட. ஒழுங்காப் பேசிட்டுப் போ."

இந்த முறை சொந்தக் குரலே வந்தது.

"நம்ம குப்பையை அடுத்த வீட்டு வாசல்ல கொட்டினாலே சண்டைக்கு வர்றாங்க. நீங்க இன்னும் பொறக்காத பிள்ளைங்க வாசல்ல கொட்ட சட்டம் போடுறீங்க. அவங்க யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவாங்க?"

கூடம் அதிரக் கைதட்டல். தட்டவென்றே கூட்டி வந்த தொழிலாளர்களும் பழக்கதோஷத்தில் தட்டித் தீர்த்தார்கள்.

அவள் நகர்ந்ததும் அடுத்த பெண் மைக் முன்னால் வந்தாள். அவளும் முகத்தை மூடியிருந்தாள்.

மேலாளர் எழுந்தேவிட்டார். "முகத்தைக் காட்டத் துணிச்சலில்ல, பேச வந்துட்டாங்க! எந்த வீட்டுப் பொம்பளைங்கய்யா இதுங்க? புருஷன் யாருன்னு தெரியட்டும், இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

கணவன் நாற்காலியில் சரிந்து பதுங்கினான். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவரோரம் நின்றிருந்த மேலாளரின் டிரைவர் பதறி ஓடிவந்து அவர் காதருகே குனிந்தான்.

"மெதுவாப் பேசுங்க சார், இப்ப மைக் முன்னால நிக்கிறது நம்ம வீட்டு அம்மாதான்."