பசியாவரத்து நோயாளித் தோணியின் பெருமை

பசியாவரம்,
கீலக வருடம், மாசி மாதம்.

பெருமாள் கடாட்சமும் நெல்வளமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மீஞ்சூர்ச் சம்பந்தி உலகநாதர் அவர்கள் சமுகத்துக்கு, பசியாவரம் சகாதேவன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் ஏரியில் நீரும், வலையில் இறாலும், எங்கள் உடம்பில் உயிரும் குறைவின்றி இருக்கின்றன. அவ்விடமும் அவ்வாறே இருக்கப் பெருமாள் அருள்வாராக.

தாங்கள் ஆள் மூலம் சொல்லியனுப்பிய செய்தி கிடைத்தது. நிறைமாதமாயிருக்கும் என் மகள் லோகாம்பாளைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்ப இயலாது என்றும், நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் ஓர் ஆபத்தென்றால் வைத்தியரிடம் எப்படிக் கொண்டுபோவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. லோகாம்பாளுக்கு முன் எங்களுக்குப் பிறந்த ஆண்குழந்தை தங்கவில்லை. அன்று தோணிகள் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்தன. கரையில் ஒன்றும் இல்லை. என் மனைவி காசியம்மாள் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மகளின் பிரசவத்தில் தான் பக்கத்தில் இருந்தே தீரவேண்டும் என்பதை மட்டும் ஓயாமல் பேசுகிறாள். ஆகவே தங்கள் அச்சத்தை அறவே நீக்கும்பொருட்டு, எங்கள் ஊர் நோயாளித் தோணியின் வரலாற்றை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

முதலை வாய்ப்பட்ட ஆனை ஓலமிட்ட கணமே பெருமாள் விரைந்து வந்தார் என்று படிக்கிறோம். அந்த விரைவே எங்கள் தோணிக்கு இலக்கணம். அதை மீன்பிடிக்க அனுப்புவதில்லை. ஏரியின் அக்கரையிலுள்ள உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டைக்கு எதிரே, எங்கள் துறையில் எந்நேரமும் கட்டியிருக்கும். ஆபத்தென்றால் சங்கு ஊதவேண்டும், தோணிக்காரன் நாகப்பன் ஓடிவரவேண்டும், நோயாளியைக் கட்டிலோடு ஏற்றிக் கோட்டை இரணவைத்தியரிடம் சேர்க்கவேண்டும் என்பது ஊர் ஏற்பாடு.

இதனால் முதற்பயன் பெற்றவன் சின்னதம்பி. நண்டு பிடிக்கச் சேற்றில் இறங்கியவன் திருக்கையை மிதித்துவிட்டான். முள் குதிகாலில் ஏறிவிட்டது. உடனே சங்கு ஊதினோம். எங்கள் ஊர்த் தெருவில் அதுவரை சங்கு ஊதியது சாவுக்கு மட்டுமே என்பதை ஒருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. பெண்கள் தலைவிரித்து ஓடிவந்தார்கள். அவன் மாமியார் நாகம்மாள், "ராசா, பத்தரமாத்துத் தங்கமே, உன்னமாரி மருமவன் யாருக்கு வாய்ப்பான்!" என்று மார்பில் அடித்துக்கொள்ள, சின்னதம்பி காலைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்து, "இன்னா அத்தே, நேத்துகூட சோம்பேறின்னியே. இத்தயெல்லாம் நல்லா இருக்கசொல்ல சொன்னா இன்னா?" என்றான். "கம்முனு படு. பாதில நிறுத்தக்கூடாது" என்று அந்த அம்மாள் ஒப்பாரியை முடித்தபிறகே எழுந்தாள்.

பின்னர் தோணியில் ஏற்றினோம். நோயாளியைத் தனியே அனுப்புவது சுற்றத்துக்கு இழுக்கு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மாமியார், மைத்துனர், பங்காளிகள், பக்கத்து வீட்டார், ஊர்ப்பெரியவன் என்ற முறையில் நான், இத்தனைபேரும் ஏறியபின் இடம் போதவில்லை. ஆகவே ஒரு நொடி என்று சொல்லிச் சின்னதம்பியைக் கரையில் இறக்கிவைத்து, அனைவரும் உட்காரும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அவ்வேளையில் கொண்டல் காற்று அருமையாக வீசியது. நாகப்பன் பாய் விரித்துவிட்டான். கோட்டைத் துறையில் வைத்தியர் கத்தியும் பஞ்சுமாக நின்றிருந்தார். "நோயாளி யார்?" என்று துபாஷி தமிழில் மாற்றிக் கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வந்தது வீணாகவேண்டாம் என்று நாகப்பன் வைத்தியரிடம் தன் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கவைத்துக்கொண்டான். இதற்குள் இங்கே காசியம்மாள் சின்னதம்பியின் காலை வெந்நீரில் வைத்து முள்ளை எடுத்திருந்தாள். ஆக, ஒரே பயணத்தில் இருவருக்குக் குணம்.

அதன்பின் நோயாளியே முதலில் ஏறவேண்டும், துணைக்கு இருவர் போதும், சங்குக்குப் பதில் கோயில் மணி என்று திருத்தம் செய்தோம். அடுத்து எங்கள் தெருப் பெண் அம்மணிக்கு இடுப்புவலி கண்டது. மணியோசை கேட்டுப் பிரசாதத்துக்குக் கிண்ணத்தோடு வந்தவர்களைத் திருப்பியனுப்பியது போக, மற்றவை ஒழுங்காகவே நடந்தன. அம்மணி முதலில் ஏறினாள். பத்துப் பாட்டுக் கொண்ட பெருமாள் துதியை நான் சொல்லி முடிக்காமல் தோணியை அவிழ்ப்பதில்லை என்பதையும் திருத்தத்தில் சேர்த்திருந்தோம். ஏழாம் பாட்டில், "நைனா, சீக்கிரம் முடி நைனா" என்று அவள் அலறினாள். துதியை இடையில் நிறுத்துவது அபசாரம் அல்லவா? ஒன்பதாம் பாட்டில் நீர் வற்றித் தோணி சேற்றில் தட்டியது. பத்தாம் பாட்டில் குழந்தை பிறந்தது, காசியம்மாள் ஏந்திக்கொண்டாள். தாயும் சேயும் நலம். கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்காமல் ஓர் உயிரைக் கரைசேர்த்த தோணி வேறெங்கும் உண்டோ?

ஆகவே தாங்கள் சிறிதும் தயங்காமல் லோகாம்பாளை உடனே அனுப்பிவைக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் அன்பு. லோகாம்பாள் தீர்க்கசுமங்கலியாக, மடிநிறைந்து மனம்குளிர வாழப் பெருமாளை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
சகாதேவன்

பின்குறிப்பு: இக்கடிதத்தைக் காசியம்மாளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதிக்கீற. இத்தக் கேட்டா எம் பொண்ண நானே இங்க அனுப்ப மாட்டேன்யா" என்றாள். பின் மாற்றுப்புடவையையும் பிரசவ மருந்தையும் மூட்டை கட்டிக்கொண்டு துறைக்கு நடந்து, நோயாளித் தோணியில் ஏறினாள். வழக்கம்போல் சுற்றத்தார் துணைக்கு ஏறி உட்கார்ந்தார்கள். அவள் தள்ளுகோலைக் கையில் எடுத்து, "எறங்குங்க எல்லாம். இன்னா, கண்ணாலத்துக்கா போறேன்?" என்றாள். அனைவரும் இறங்கினார்கள். நாகப்பனும் இறங்கிவிட்டான், அவனை மட்டும் திரும்ப ஏற்றிக்கொண்டாள். நான் துதியில் இரண்டாம் பாட்டைத் தொடங்கியிருந்தேன். "நீ அத்தக் கரையிலயே சொல்லு. பெருமாளுக்குக் கேக்கும்" என்றாள்.

ஆகையால் மேலே கேட்டுக்கொண்டதைத் தள்ளிவிடவும். வேறு தோணியில் நான் அனுப்பும் இக்கடிதம் கிடைக்குமுன் அவள் தங்கள் வாசலில் நிற்பாள். லோகாம்பாளின் பக்கத்தில் ஒரு பாய் போட்டுக் கொடுக்கவும்; அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிராது. பிள்ளை பிறந்த செய்தியோடுதான் நாகப்பன் திரும்பவேண்டுமாம். அதுவரை இவ்வூரில் ஒருவரும் நோயில் விழுவதில்லை என்று கூடிப் பேசி முடித்திருக்கிறோம்.

ஆனை அழைத்தபோது பெருமாளும் சுற்றத்தாரை ஏற்றிக்கொண்டு வரவில்லை என்பது எனக்கு இன்றுதான் தோன்றிற்று. மீதிப் பாட்டுகளை அவள் சொன்னபடியே கரையில் நின்று சொன்னேன். மூன்றாம் பாட்டுக்கே தோணி அக்கரையைத் தொட்டுவிட்டது.