இருபத்தொரு நிமிடச் 'சாப்பிட்டீகளா'

ஒரு கம்பெனியைத் தலைகீழாக மாற்ற, ஒரு நல்ல தலைவனுக்கு ஐந்து நாள் போதும். ஆறாவது நாள் ஓய்வுக்கு. லண்டனில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த மணிகண்டராஜ், தாயில்பட்டியில் அப்பாவின் பட்டாசு ஆலை வாசலில் நின்று இதைச் சிரிக்காமல் சொன்னான்.

"ஆறாவது நாளும் நமக்கு வேலை நாளுதான் தம்பி" என்றார் போர்மேன் சங்கையா.

அப்பா காமராஜ் கண் ஆபரேஷனுக்காக மதுரை போயிருந்தார். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "வெள்ளிக்கிழம ஜெர்மன்காரன் ஆலையப் பாக்க வாரான். ஆர்டர் கெடச்சா கம்பெனி ஒனக்கு. இல்லன்னா ஒந் தங்கச்சி கீர்த்திகாவுக்கு."

கீர்த்திகா அன்றைக்கே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தைச் சரிசெய்து பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையிலேயே மணிகண்டராஜ் நோயைக் கண்டுபிடித்தான். அப்பா தினமும் கேட்டில் நின்று, வருகிற நூற்று நாற்பது பேரிடமும் முகத்துக்கு நேரே "சாப்பிட்டீகளா?" என்று கேட்பார். ஆளுக்கு ஒன்பது வினாடி.

"இருபத்தொரு நிமிஷம் அண்ணாச்சி! இது ஆலை வாசலா, கல்யாண வீட்டு வாசலா? எந்த நாட்டு சிஇஓ இட்லியப் பத்தி விசாரிக்கான்?"

"அய்யா முப்பது வருசமாக் கேக்காக."

"அதான் நாம இன்னும் தாயில்பட்டியிலயே இருக்கோம்."

"ஆலை வேற எங்கன இருக்கும் தம்பி?"

விசாரிப்பு ரத்தானது. அந்த இடத்தில் 'மாற்றமே எங்கள் மூச்சு' என்று ஒரு பேனர் ஏறியது.

செவ்வாய்க்கிழமை நூற்றுப்பத்து பேர்தான் வந்தார்கள்.

"மொதலாளி மூஞ்சி குடுத்துப் பேசல, ஆலைய ஜெர்மன்காரனுக்கு வித்தாச்சுன்னு வெம்பக்கோட்ட வரைக்கும் பேச்சு" என்றார் சங்கையா.

மணிகண்டராஜ் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் இருந்த டீக்கடைக்குப் போய், ஒரு சிகரெட் அளவுக்கு யோசித்தான். புதன்கிழமை சுற்றறிக்கை வந்தது: 'யாரும் பயப்பட வேண்டாம். எல்லாம் உங்கள் நன்மைக்கே.' அதுவரை பயப்படாதவர்கள் அதைப் படித்துவிட்டுப் பயந்தார்கள். வியாழக்கிழமை எண்பது பேர்.

இந்த முறை இரண்டு சிகரெட் தேவைப்பட்டது. இரண்டாவது முடியும்போது லண்டன் பேராசிரியர் சொன்ன பெரிய தத்துவம் நினைவுக்கு வந்தது. நிற்கிற இடம் எரிகிறது என்று சொன்னால்தான் மனிதர்கள் மாறுவார்களாம்.

வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர் கையில் பாதுகாப்புச் சோதனைப் பட்டியல் அட்டையோடு வந்து இறங்கினார். எண்பது பேரையும் வேப்பமரத்தடியில் கூட்டி, மணிகண்டராஜ் மைக்கைப் பிடித்தான்.

"மக்களே! நாம நிக்கிற எடம் எரிஞ்சுக்கிட்டு இருக்கு!"

'இது உவமைதான்' என்பது அடுத்த வாக்கியம். அதைக் கேட்க வேப்பமரம் மட்டும் இருந்தது. முள்வேலியில் மூன்று தோள்துண்டுகள் மாட்டிக்கொண்டு ஆடின. சங்கையா ஜெர்மன்காரரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியதில், அவருடைய ஒரு ஷூ பின்தங்கிவிட்டது.

பருத்திக்காட்டு நடுவில் நின்று ஜெர்மன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தெட்டு வினாடி! பதினோரு நாட்டு ஆலைகள் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பாதுகாப்பு ஒத்திகையைப் பார்த்ததில்லை" என்று இங்கிலீஷில் உருகினார்.

"வாரா வாரம் செய்வோம்" என்றான் மணிகண்டராஜ், மூச்சு வாங்க.

அட்டையில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது. "வேலைக்கு வருகிறவர்கள் புகை பிடித்துவிட்டு, தீப்பெட்டியோடு உள்ளே போய்விடாமல் எப்படிச் சோதிக்கிறீர்கள்? நாளைக் காலை வருகிறேன். ஆட்கள் உள்ளே வரும்போது காட்டுங்கள். இது இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை." மணிகண்டராஜ் அதைச் சங்கையாவிடம் தமிழில் கேட்டான்.

"சோதனையா? அதெல்லாம் அய்யா பாத்துக்கிடுவாக. எப்பிடின்னு நான் கேட்டதில்ல" என்றார் சங்கையா.

மணிகண்டராஜ் மதுரைக்குப் போன் போட்டான்.

"அப்பா, பீடி குடிச்சிட்டு வாரவன எந்த மெஷின வச்சுப் பிடிக்கிறீங்க?"

"மெஷினா? ஏலே, கேட்டுல நின்னு சாப்பிட்டீகளான்னு கேளு. எல்லாம் தானாத் தெரியும்" என்றார் காமராஜ். நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு மயக்கமருந்து இன்னும் தெளியவில்லை என்று முடிவு செய்தான். ஆனால் காட்டுவதற்கு முதலில் ஆட்கள் வரவேண்டும். அவர்கள் எதைக் கேட்டால் வருவார்கள் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

சனிக்கிழமை டீக்கடையில் மூன்று சிகரெட் தீர்ந்தது. பேனரை அவனே கழற்றி மடித்தான். சின்ன முதலாளி கேட்டில் நிற்கப்போகிறார் என்று சங்கையா ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வந்திருந்ததால், நூற்று நாற்பது பேரும் வரிசையில் இருந்தார்கள். பக்கத்தில் ஜெர்மன்காரர், அட்டையோடு.

வரிசையில் முதல் ஆள் திரி வெட்டும் இருளம்மாள். மணிகண்டராஜ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரிக் குனிந்து, "சாப்பிட்டீகளா அக்கா?" என்றான்.

இருளம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"ஒங்க அய்யா இதக் கேக்குறதே நாங்க வாயத் தொறந்தா பீடி வாடை அடிக்கான்னு மோந்து பாக்கத்தான், ஒங்க வாயே இம்புட்டு நாறுதே, மொதல்ல நீங்க வெளிய போங்க மொதலாளி!"