மேட்டில் நிற்காத ரோபோ

ஹாலில் வாசலிலிருந்து உள்நோக்கி ஏறும்படி போட்டிருந்த சாய்பலகையில் ரோபோ மூன்றாவது முறையாக ஏறியது. உச்சியில் நிற்காமல் அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்தது.

"என்ன, உன் பிள்ளை நிக்கவே மாட்டேங்குது?" என்றான் கணவன் சோபாவிலிருந்து.

பிசிக்ஸ் டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை போட்டி. பரிசு வராவிட்டால் பள்ளியின் ரோபோ அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ரோபோ சரிவில் ஏறி, உச்சியின் சமதளத்தில் தானாக நிற்க வேண்டும். சாய்வை உணர அதனுள் நகத்தளவு ஆக்சிலரோமீட்டர்.

"உச்சிக்கு வந்தப்புறமும் ஏறிட்டே இருக்கோம்னு நினைக்குதுங்க."

சென்சாரின் கறாரைக் கொஞ்சம் தளர்த்தினாள். பாதிச் சரிவிலேயே நின்றுவிட்டது.

"கவர்மென்ட் வேலைக்கு அனுப்பிடலாம்."

மோட்டாரின் அதிர்வுதான் குழப்புகிறது என்று சென்சாருக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தாள். ரோபோ குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. ஸ்பாஞ்சை எடுத்தாள். எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள். பழையபடி விழுந்தது.

சாயங்காலம் டீச்சரின் அண்ணன் வந்தார். பில்டிங் கான்ட்ராக்டர், இந்த வீட்டைக் கட்டியவரும் அவர்தான்.

"தரை ஏதாவது சாய்வா இருக்குமாண்ணா?"

அண்ணன் முகம் சுருங்கியது. "இந்த ஊர்ல பாதித் தரை நான் போட்டதும்மா. ஒருத்தன் குறை சொன்னதில்ல. உன் சென்சாருக்குத்தான் விவரம் பத்தல. இதுதான் மட்டம்னு அதுக்குச் சொல்லிக்குடு."

ஹால் தரையில் ரோபோவை வைத்து, அதையே பூஜ்யம் என்று பதிந்தாள். ரோபோ ஏறியது, உச்சியில் சமர்த்தாக நின்றது.

"பாத்தியா?" என்று அண்ணன் கிளம்பினார்.

அவளும் ஓடிப்போய், விதிப்படி ரோபோவைப் போட்டி அரங்கில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். இனி யாரும் அதைத் தொடக்கூடாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் கைதவறித் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டான். அது படுத்தவாக்கில், அவசரமே இல்லாமல், வாசல்வரை உருண்டு போனது.

"உங்கண்ணனை வழியனுப்பப் போகுது போல."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தப்பான மட்டத்தைச் சொல்லிக்குடுத்துட்டேனே. நேரான தரையில மானத்தை வாங்கிடுமே."

மறுநாள் அண்ணி துணைக்கு வந்தாள். அரங்கிலும் சாய்பலகையை வாசலிலிருந்து உள்நோக்கி ஏறும்படிதான் போட்டிருந்தார்கள். முதல் பள்ளியின் ரோபோ உச்சியில் நிற்காமல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மற்றவையும் அப்படியே. கடைசியாக டீச்சருடையது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டுத் திறந்தாள். ரோபோ உச்சியில் நின்றுகொண்டிருந்தது.

நடுவர் கோப்பையை நீட்டினார். "எல்லாரும் கோட்டை விட்டாங்க. நீங்க மட்டும் எப்படி மேடம் அளந்தீங்க?"

டீச்சர் திருதிருவென விழித்தாள். அண்ணி மெல்ல அவள் காதருகே குனிந்தாள்.

"வாயத் திறந்துடாதே. இந்த ஹாலும் உங்கண்ணன் கட்டினதுதான்."