வேத்துமுகம் சார்

குழந்தை அழுகிறதே என்று கவலைப்படுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். குழந்தை அழமாட்டேன் என்கிறதே என்று கண்கலங்கிய மனிதர் தாமிரபரணி பாய்கிற சீமையிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் பாளையங்கோட்டையில் எங்கள் வளவின் கடைசி வீட்டில் குடியிருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

வளவு என்றால் ஒரே வாசல், ஒரே அடிகுழாய், எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவோம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே வந்து சேர்ந்தார் சார். கல்லூரியில் உளவியல் வாத்தியார். ஒண்டிக்கட்டை. அவர் இறக்கிய சாமான் ஒரு ஸ்டவ், ஒரு கட்டில், ஒரு பெட்டி நிறையக் கிலுகிலுப்பை. ஒண்டி ஆளுக்கு எதற்குக் கிலுகிலுப்பை என்று எதிர்வீட்டுப் பிச்சம்மா அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

விடை சீக்கிரமே கிடைத்தது. குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த என்னிடம் வந்து, "தங்கச்சி, ஒம் பிள்ளைக்கு வேத்துமுகம் தெரியுதா?" என்று கேட்டார். தெரியாத முகத்தைக் கண்டால் கைக்குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளுமே, அதுதான் வேத்துமுகம். அதே கேள்வியை அடுத்த வீட்டில் கேட்டார், தெருவில் கேட்டார், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்டு வசையும் வாங்கினார். அந்த மாதம் முடிவதற்குள் ஊருக்கு அவர் வேத்துமுகம் சார் ஆகிவிட்டார், சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோனது.

ஆராய்ச்சியாம். ஓர் அறையில் அம்மாவும் குழந்தையும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண் உள்ளே வருவாள். அம்மா வெளியே போய்விட வேண்டும். அப்போது பிள்ளை அழுகிறதா, அம்மா திரும்பி வந்ததும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு சமாதானமாகிறதா என்று இவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அப்படிச் செய்தால் பாசம் பக்காவாக இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தேசத்தில் பிள்ளையைத் தனியாக இருக்கப் பழக்குவார்கள், அது அம்மா போனாலும் சட்டை செய்யாது. இன்னொரு தேசத்தில் பிள்ளை அம்மாவின் முதுகிலேயே கிடக்கும், இறக்கிவிட்டால் ஊரைக் கூட்டும். "நம்ம ஊருப் பிள்ள என்ன செய்யுதுன்னு ஒருத்தனும் பாக்கல தங்கச்சி" என்று அவர் சொன்னபோது, ஏதோ ஊரின் மானமே என் மகன் கையில் இருப்பதுபோலத் தோன்றியது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முன்பின் தெரியாத பெண்ணாகக் கல்லூரி நூலகத்திலிருந்து ஓர் அம்மாளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். பேசக்கூடாது, தூக்கக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார். அந்த அம்மாள் உட்கார்ந்த வேகத்தில் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். சீவலப்பேரி என்றேன். அவருடைய நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த ஊர் சீவலப்பேரி. அவ்வளவுதான், என் மகன் அவர் இடுப்பில் இருந்தான். "அத்தைட்ட வாலே ராசா" என்று கொஞ்சல் வேறு. ஜன்னலுக்கு வெளியே சார் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் வெளியே போனேன். என் மகன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது அத்தையின் கைக்கடிகாரப் பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து கையை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்து மாதம் சுமந்து பெற்றவள் போனால் போனாள் வந்தால் வந்தாள். அடுப்படியில் போய் அழுதேன். ஆக, அன்றைய ஆராய்ச்சியில் அழுதது அம்மா மட்டும்தான்.

மற்ற பிள்ளைகளும் இப்படியே. அம்மா போனால் அக்கா இருக்கிறாள், அக்கா போனால் பிச்சம்மா அக்கா இருக்கிறாள். ஒரு பிள்ளை தப்பித்தவறிச் சிணுங்கியது. சார் ஆசையோடு பேனாவை எடுப்பதற்குள் நாலு பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டார்கள். "பச்சப் பிள்ளைய அழவிட்டுட்டு வேடிக்க பாக்கேரே, நீரு மனுசனாவே?" என்று பிச்சம்மா அக்கா கேட்டதற்கு அந்தப் பெரிய புத்தகத்தில் பதில் இல்லை.

வளவு சரிப்படாது என்று வள்ளியூர்ப் பக்கம் போனார். கை நிறையக் கிலுகிலுப்பை, வாசல் வாசலாக நின்று, பிள்ளையை விட்டுவிட்டுக் கொஞ்சம் வெளியே போங்கள் என்று தாய்மாரிடம் கேட்கிற ஆளை ஊர் என்னவென்று நினைக்கும்? பிள்ளைபிடிக்கிறவன் என்று சந்தையில் உட்காரவைத்துவிட்டார்கள். பிள்ளை அழுவதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று இவர் உண்மையைச் சொல்லப்போக, அங்கிருந்த கருப்பட்டிக்கடை அண்ணாச்சி, "அழுறதப் பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வாரும்வே, நாலு கெடக்கு" என்று சொல்லி மீட்டுவிட்டாராம். வளவே வயிறு வலிக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். அதோடு ஆராய்ச்சியை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தோம்.

விடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்று, "எம் பிள்ளையக் கொண்டாந்தா வளவுல பாத்துக்கிடுவியளா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் காணாமல் போவது கல்லிடைக்குறிச்சிக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய அக்கா, சாருக்கு மதினி, ஆஸ்பத்திரியிலிருந்தே பிள்ளையை வாங்கிக்கொண்டு போய், தன் கைக்குழந்தையோடு சேர்த்து இதற்கும் பால் கொடுத்து வளர்க்கிறாள். மகளுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. இனியும் விட்டால் தன்னிடம் ஒட்டாமல் போய்விடுமோ என்று பயம். நம்மூர்ப் பிள்ளைகள் யார் கைக்கும் போகும் என்பதை ஒரு வருடமாகப் பார்த்துவிட்டதில் கொஞ்சம் தைரியமும் வந்திருந்தது. அவர் என்னத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. "இதக் கேக்கணுமாக்கும். நாளைக்கே கொண்டாரும்" என்றார் பிச்சம்மா அக்கா.

வழியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் மகனைத் தூக்கிக்கொண்டு அவரோடு பாசஞ்சர் வண்டியில் போனோம். அந்த வீட்டில் ஒரு பையில் சின்னக் கவுன்கள் மடித்து வைத்துத் தயாராக இருந்தன. மதினி எங்களை வாங்க என்று கேட்டார், காப்பி கொடுத்தார். அவருடைய மகன் ஓடி வந்து, "சித்தப்பா வந்தாச்சு" என்று கத்தினான். அவன் பின்னாலேயே தத்தித் தத்தி வந்த சாரின் மகளும், அவன் சொன்னதைக் கேட்டு, "சித்தப்பா" என்றாள்.

மதினி பதறிப்போய், "அப்பான்னு சொல்லுட்டி" என்றார். அப்பா என்றதும் அந்தக் குழந்தை திரும்பி, ஊஞ்சலில் இருந்த மதினியின் கணவரைக் கைகாட்டியது. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

குழந்தை என்னிடம் வந்தாள். என் வீட்டுக்காரரின் மீசையைப் பிடித்து இழுத்தாள். சார் கிலுகிலுப்பையோடு குனிந்தபோது மட்டும் உதடு பிதுங்கியது. வாரத்துக்கொரு முறை வந்து, உயிரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்க்கிற அந்த ஒரு முகம்தான் அவளுக்குப் பயம். புறப்படும் நேரம் வந்தது. மதினி பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளை வீறிட்டது. சாரின் பிடியிலிருந்து நழுவி இறங்கி, சாத்திய கதவில் போய் இரண்டு கையாலும் அடித்தது. நான் தூக்கப்போனேன், என்னையும் தள்ளியது. மதினியால் தாங்க முடியவில்லை, கதவைத் திறந்துவிட்டார். பிள்ளை அவர் மேல் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஒரு விக்கல், இரண்டு விக்கல், அவ்வளவுதான், அடங்கிவிட்டது. புத்தகத்தில் எழுதியிருந்தபடி, ஓர் எழுத்துப் பிசகாமல்.

சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதத்தான் தங்கச்சி இவ்வளவு நாளும் தேடுனேன்" என்றார் என்னிடம். பிறகு, "பையப் பிரிச்சு வச்சிருங்க மதினி. பிள்ளைக்குத் தாய் இருக்கா. வேத்துமுகம் நாந்தான்" என்றார்.

அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும் வண்டியில் எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற என் வீட்டுக்காரர் சாருக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார். என் மகன் யாரும் கேட்காமலே சாரின் மடியில் ஏறித் தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு அவர் ஆராய்ச்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. கிலுகிலுப்பைகளை வளவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். நடை பழகியிருந்த என் மகன் மட்டும் தினமும் போய் அவர் கதவைத் தட்டி ஒரு பிஸ்கட் வாங்கிக்கொண்டு வருவான். கோடை விடுமுறையில் வடக்கே எங்கேயோ வேலை கிடைத்திருக்கிறது என்றார். பிள்ளையை விட்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டேன். "பக்கத்துல இருந்தா போய்ப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவ பயந்துக்கிட்டே இருப்பா" என்றார்.

பெட்டியும் கட்டிலும் முன்னால் போயின. சார் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் மகன் உதட்டைப் பிதுக்கினான். அடுத்த நொடி தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினான். ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். சார் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்காவா அழுதான்?" என்று கேட்டார். ஆமாம் சார், உங்களுக்காகத்தான் என்று சொல்லி மகனின் கையை விடுவித்தேன். ஆட்டோவில் ஏறத்தான் அழுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பிள்ளை அழுதால் ஓடிப்போய்த் தூக்குகிற வளவு அது. பிச்சம்மா அக்கா கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோ திருப்பம் தாண்டுகிறவரை, சார் காதில் விழ, அவன் அழட்டும் என்று நின்றேன்.