தோன் குரோவரின் வயிறு பேசிய உண்மைச் சம்பவம்

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இருந்தால், இனி நான் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் என் சில்பாஞ்சோ கறிச்சோற்றின் மேல் முட்டை இல்லாமல் வரட்டும். பொலிவியாவில் சாப்பாட்டுக்குப் பேர்போன கொச்சபாம்பாக்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

தோன் குரோவர் தெர்செரோஸ் கண்ணாடி முன்னால் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் மனைவி சுல்மா நடன உடுப்பின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பனியன் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் இழு சுல்மா."

"துணி வரும், வயிறு வரணுமே! மூச்சை விடு குண்டா, முகம் நீலமாப் போகுது."

குண்டா என்றது திட்டு அல்ல. கல்யாணமான புதிதில், காற்றடித்தால் பறந்துபோகிற உடம்போடு அவர் இருந்தபோதே அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனைக் குண்டா என்று கூப்பிடுகிறவரை வீட்டில் எல்லாம் நலம். முழுப்பெயர் சொல்லி அழைத்தால்தான் இவன் படுக்கையை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டும்.

சுல்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மூன்று வருஷம் ஆடுவதாகக் குரோவர் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தார். இது மூன்றாவது வருஷம். ஆகஸ்டு திருவிழாவில், மணி கட்டிய பூட்ஸோடு, முதல் வரிசையில் ஆடி முடித்தால் வேண்டுதல் நிறைவேறும். பொத்தான் போடாத ஆளுக்கு வரிசையில் இடமில்லை என்று நடனக் குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அந்த இடத்துக்கு ஆளும் தயாராக இருந்தான்: சுல்மாவின் தம்பி ரொலாந்தோ. சரியான ஒட்டடைக் குச்சி.

"நீதான் தையல்காரியாச்சே. பக்கத்துல பிரிச்சு ஒரு துண்டு வச்சுத் தைச்சுடேன்."

"மாதா முன்னாடி ஒட்டுப் போட்ட துணியோட ஆடுவியா? வயித்தைக் குறை!"

வயிற்றைக் குறைக்கத்தான் அவர் ஹிமேனா மேடத்திடம் போனார். ஊட்டச்சத்துப் படிப்பு படித்தவர். அறையில் ஒரு மூங்கில் செடியும், தண்ணீர் சொட்டுகிற சத்தம் போடும் ஒரு கருவியும் வைத்திருந்தார். அந்தச் சத்தத்தில் குரோவருக்கு வேறு ஏதோ அவசரம் வந்ததே தவிர அமைதி வரவில்லை.

"எதைச் சாப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன்," என்றார் மேடம். "உங்க உடம்புக்கு எல்லாம் தெரியும். நாமதான் அது சொல்றதைக் கேக்கறதில்ல."

"எப்படிக் கேக்கறது மேடம்?"

"தட்டு வந்ததும் கண்ணை மூடுங்க. பசிக்குதான்னு வயித்தைக் கேளுங்க. பதில் வந்தா சாப்பிடுங்க. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழ வையுங்க. பதில் நின்னதும் நிறுத்திடுங்க. அவ்வளவுதான்."

"பதில் வரலைன்னா?"

"வரலைன்னா பசிக்கலைன்னு அர்த்தம். தொடாதீங்க."

குரோவர் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். சொன்ன இடத்தில், சொன்னபடி, ஒரு நூல் விலகாமல் குத்துவார். மேடம் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சுல்மா வேர்க்கடலை சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் விலா எலும்பு ஒன்று கப்பல் மாதிரி மிதந்தது. குரோவர் கண்ணை மூடினார்.

"என்ன, ஜெபமா?"

"வயித்தைக் கேக்கறேன்."

"என்ன சொல்லுது?"

குரோவர் காத்திருந்தார். சூப்பில் ஆடை படிந்தது. "ஒண்ணும் சொல்லல," என்று தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

இருபத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டில் தட்டு முழுதாகத் திரும்பியது அன்றுதான். சுல்மா எதுவும் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குத் திரும்பும்போது குரோவருக்குச் சந்தையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, ஆனால் வயிறு பேசவில்லை. பேசாததால் இது பசியில்லை என்று தெளிவாக இருந்தார். கால் மட்டும் கேட்காமல் தோன்யா கசில்தாவின் சாப்பாட்டு மேசையில் அவரை உட்கார வைத்துவிட்டது.

கசில்தாவுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்துக் காது மந்தம். அதனால் ஊருக்கே காது மந்தம் என்பதுபோல் கத்துவாள்.

"வாங்க கசேரோ, என் வாடிக்கைக்காரரே! வெளுத்துப்போய் இருக்கீங்களே, யாராவது செத்துட்டாங்களா?"

கேட்டுக்கொண்டே பன்றி வறுவலை வைத்துவிட்டாள். குரோவர் கண்ணை மூடினார். வயிற்றைக் கேட்டார்.

"கர்ர்ர்..."

குரோவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தபால்காரர் ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார்.

"உங்க வயிறா சார்?"

"ஆமா," என்றார் குரோவர். "பேசிடுச்சு!"

பிறகு எல்லாம் மேடம் சொன்னபடியே நடந்தது. ஒரு வாய், கரண்டி கீழே. எலும்பைத் தரைவரை தொங்கும் மேசை விரிப்புக்கு அடியில் இருந்த வாளியில் போட்டார். அங்கே எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். காது கொடுத்தார். "கர்ர்ர்." இன்னொரு வாய். தட்டு காலியானது, வயிறு நிறுத்தவில்லை. இரண்டாவது தட்டு வந்தது. மூன்றாவது தட்டின் பாதியில்தான் வயிறு ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. உடனே கரண்டியை வைத்துவிட்டார். மிச்சம் இருந்த பாதியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கட்டுப்பாட்டை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

ஏறக்குறைய தினமும் இதே கதை. வீட்டில் சூப்புக்கு முன்னால் மௌனம், சந்தையில் பேச்சு. மேடத்தின் அறையில் எடை பார்க்கும் கருவியில் ஏறியபோது முள் தப்பான பக்கம் ஓடியது.

"முள்ளைப் பார்க்காதீங்க," என்றார் மேடம். "உங்களுக்கு அசல் பசி வந்திருக்கு! என் அனுபவத்துல இப்படி வெளிப்படையாப் பேசற வயித்தைப் பார்த்ததில்ல. வீட்டுல வாய் திறக்கலைன்னா, அங்க உங்க உடம்புக்கு வேண்டியது எதுவும் இல்லைன்னு அர்த்தம்."

இதை அவர் தன் அறையோடு விட்டிருக்கலாம். குரோவராவது வழியில் மறந்து தொலைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, கசில்தா கடையில் வயிறு பேசியதையும் சேர்த்து, முத்திரை குத்துவதுபோல், அப்படியே மனைவியிடம் சொன்னார்.

"வேண்டியது எதுவும் இல்லையாமா?" சுல்மா அகப்பையை வைத்தாள். "குரோவர் தெர்செரோஸ்! எங்கம்மா ஆசைப்பட்டுச் சாப்பிட்ட சூப்பு இது! அந்தக் கசில்தா அடுப்புல அப்படி என்ன இருக்கு?"

முழுப்பெயர். அன்றிரவு தையல் மெஷின் இருந்த அறையில், துணி மூட்டைக்கும் மெஷினுக்கும் நடுவே படுத்துக்கொண்டு குரோவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தவறு சுல்மாவின் சமையலில் இல்லை என்று நிரூபித்துவிட்டால் போதும்.

மறுநாள் கசில்தாவின் வறுவலை ஒரு தூக்குப் பாத்திரத்தில் வாங்கிவந்து, வீட்டு மேசையில் சுல்மா கண்ணெதிரே திறந்து வைத்தார். கண்ணை மூடினார். மௌனம்.

"பார்த்தியா!" என்று துள்ளினார். "அவ சாப்பாட்டுக்கும் பேசல! உன் சமையல்மேல ஒரு குத்தமும் இல்ல சுல்மா!"

சுல்மா தூக்குப் பாத்திரத்தை மூடினாள்.

"அப்ப பிரச்சினை சாப்பாடு இல்ல," என்றாள். "அவதான்."

குரோவர் வாயைத் திறந்தார். எந்தச் சமாதானத்தைச் சொன்னாலும் இன்னும் மோசமாகும் என்று அந்த ஒரு தடவைதான் அவருக்குத் தெரிந்தது. மூடிக்கொண்டார். அதுவும் தப்பாகப் போயிற்று.

"பாரு, பதிலே இல்ல! எனக்காக வேண்டிக்கிட்ட வேண்டுதல். அந்தப் பொம்பளையோட பன்னியைத் தின்னே அதைக் கெடுத்துட்டே! ரொலாந்தோ நாளைக்கு வரான். உடுப்பை அவனுக்குப் பிடிச்சுத் தைக்கப் போறேன்."

குரோவர் ஹிமேனா மேடத்திடம் ஓடினார். "மேடம், நீங்களே வந்து என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க. வயிறுதான் பேசுது, வேற ஒண்ணும் இல்லைன்னு."

"சொல்றது என்ன, கேக்கவே வைக்கலாம்," என்றார் மேடம். "சந்தைக்கே வரச் சொல்லுங்க. என்கிட்ட வர்றவங்களையும் கூட்டிட்டு வரேன்."

"திங்கட்கிழமை மட்டும் வேண்டாம் மேடம். எதிரே இருக்கற கறிக்கடைகூட அடைச்சு, சந்தையே தூங்கிட்டிருக்கும். அன்னிக்கு என் வயிறும் பேசறதில்ல."

"திங்கட்கிழமை மன அழுத்தம். உலகம் பூரா இருக்கு."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கசில்தாவின் மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. மேடம் கூட்டி வந்த குண்டு ஆட்கள் ஒரு பக்கம், பெஞ்சின்மேல் ஏறி நின்ற வெங்காயக்காரிகள் ஒரு பக்கம். ரொலாந்தோ உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, அளவு எடுத்து முடித்த நிம்மதியோடு நின்றான்.

"மச்சான், முதல் வரிசையில நிக்கும்போது இடுப்புல கை வைக்கணுமா, தொங்க விடணுமா?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு நில்லு," என்றார் குரோவர்.

கூட்டம் விலகி வழிவிட்டது. சுல்மா வந்தாள். கையில் துணி சுற்றிய பெரிய பானை. வேர்க்கடலை சூப்.

"பொதுவுல கேட்டுடலாம்," என்றாள். "என் சூப்புக்கு இந்த வயிறு ஒரு வார்த்தை பேசட்டும். பேசினா, உடுப்பை நானே பிரிச்சு, எத்தனை துண்டு வேணுமோ அத்தனை துண்டு வச்சுத் தைக்கறேன். ஒட்டுப் போட்ட துணின்னு மாதா கோவிச்சுக்கிட்டா நான் சமாதானம் சொல்லிக்கறேன். பேசலைன்னா, ரொலாந்தோ ஆடட்டும்."

"என்னவாம்?" என்று அடுப்புக்குப் பின்னாலிருந்து கத்தினாள் கசில்தா. "என்ன சொல்லுதாம் வயிறு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல!" என்று தபால்காரர் அவள் காதில் திருப்பிக் கத்தினார்.

குரோவர் உட்கார்ந்தார். முதலில் வறுவல் தட்டு. கண்ணை மூடினார்.

"கர்ர்ர்."

கூட்டம் "ஆ" என்றது. மேடம் கையை உயர்த்தி, "கவனிங்க, எவ்வளவு நேர்மையான குரல்!" என்றார். சுல்மா வறுவல் தட்டைத் தள்ளிவிட்டுப் பானையை மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

ஆவி எழுந்தது. குரோவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வாய்க்குள்ளேயே மாதாவைக் கூப்பிட்டார். இன்னும் ரெண்டு வருஷம் ஆடுகிறேன், இந்த ஒரு தடவை பேச வை என்றார். ஒன்றுமில்லை. ரொலாந்தோ உடுப்பை உதறி மடித்துக்கொண்டான். சுல்மா பானையை மூடுவதற்கு மூடியை எடுத்தாள். எடுத்த வேகத்தில் பானைக்குள் இருந்த கரண்டி இடறி, விலா எலும்பிலிருந்து ஒரு பெரிய சொட்டுக் கொழுப்புச் சூப்பு மேசை ஓரமாக வழிந்து விரிப்புக்கு அடியில் போயிற்று.

அப்போதுதான் வந்தது.

இதுவரை கேட்ட உறுமலெல்லாம் அதற்கு முன்னால் கொட்டாவி. பெஞ்சு அதிர்ந்தது. உப்புக் குடுவை ஆடியது. உறுமல் ஏறி ஏறி, முடிவில் மெல்லிய தேம்பலாக இழுபட்டு நின்றது.

"அழுவுது!" என்று அலறினாள் ஒரு வெங்காயக்காரி. "அந்தச் சூப்புக்காக வயிறு அழுவுது பாருங்கடி!"

சுல்மா பானையை அப்படியே விட்டுவிட்டுப் புருஷனைக் கட்டிக்கொண்டாள். "குண்டா! என் குண்டா! இத்தனை நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்தியா?" பிறகு தம்பியின் கையிலிருந்து உடுப்பைப் பிடுங்கினாள். மேடத்தின் ஆட்கள் கைதட்டினார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடம்பு ஒருபோதும் பொய் சொல்லாது என்று நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

எதிர் கறிக்கடைத் தோன் எவாரிஸ்தோ மத்தியானத் தூக்கம் முடிந்து, கொட்டாவி விட்டபடி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். குனிந்து மேசை விரிப்பைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, பன்றிக்குட்டி பருமனில் ஒரு நாயைக் கழுத்துப்பட்டையோடு வெளியே இழுத்தார். அது சூப்புச் சொட்டிய தன் மூக்கை நக்கிக்கொண்டது.

"ஒல்லியாக்கற டாக்டரம்மா நீங்கதானே?" என்றார் மேடத்தைப் பார்த்து. "எங்க கர்னலுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க. நான் கடை திறக்கற நாளெல்லாம் இந்த மேசைக்கடியில வந்து படுத்துக்கிட்டு, வாளியில எலும்பு விழறவரைக்கும் உறுமி உறுமித் தின்னே இப்படி ஊதிட்டான்."