முயல் கொடுத்த விலாசம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்து புலிகூடக் குனிந்த தலை நிமிராமல் நடக்க ஆரம்பித்த காலத்தில், செண்பகம் என்றொரு முயல் இருந்தது. கைக்குழந்தையாக மூன்று குட்டிகள். அந்த நேரம் பார்த்துக் காலில் சுளுக்கு. இரை தேடப் போக முடியாது. அதன் வளை எங்கே என்று பக்கத்து வளை முள்ளம்பன்றியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் குட்டிகள் உயிரோடு இருந்தன.

நாகப்பன் என்ற நரி அப்போது ஓர் ஆப் நடத்தியது. தொட்டால் போதும், குரங்கு வந்து வாசலில் கிழங்கு வைத்துவிட்டுப் போகும். முழுக்க இலவசம். நரி எதற்கு இலவசமாகக் கிழங்கு தருகிறது என்று காட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இலவசத்தை யார் கேள்வி கேட்பார்கள்?

செண்பகம் ஆப்பைத் திறந்தது. விதிமுறைகள் மலைப்பாம்பு நீளத்துக்கு ஓடின. அடியில் கேள்விகள். வளை எங்கே? வாசல் எத்தனை? குட்டிகள் உண்டா? உண்டென்றால் கொழுகொழுவா, ஒல்லியா?

நரிக்கே போன் போட்டது. "ஏன் தம்பி, கிழங்குக்கும் குட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாம் சேவையை மேம்படுத்தத்தான் அக்கா. நீங்க சொல்றது என்னைத் தாண்டி எங்கேயும் போகாது."

"அதுதாம்ப்பா என் பயமே."

"இஷ்டமில்லைன்னா விடுங்க. கிழங்கு வராது, அவ்வளவுதான்."

உள்ளே குட்டிகள் பசியில் கத்தின. செண்பகம் நொண்டிக்கொண்டே போய்ப் பக்கத்து வளை முள்ளம்பன்றி சடையாண்டியைக் கூப்பிட்டது.

"மாமா, உங்க விலாசத்தை நான் போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்கோம்மா. இந்த முள்ளைக் கட்டிக்கிட்டு அழற என்னைத் தேடி எவன் வர்றான்? கிழங்குல மட்டும் எனக்குப் பாதி."

செண்பகம் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியது. குட்டிகள்? மூன்று. உடம்பு? கொழுகொழு.

கிழங்கு வந்தது. சாயங்காலம் பின்னாலேயே நாகப்பனும் வந்தது. வாசலில் முள் கிடந்ததைப் பார்த்தது. போனைப் பார்த்தது. போன்தான் சரி என்று முடிவுசெய்து தலையை உள்ளே விட்டது.

சடையாண்டிக்கு ஜென்மத்தில் முதல் விருந்தாளி. "வாங்க, வாங்க" என்று நெகிழ்ந்துபோய், இடம் விடுவதற்காக முதுகைத் திருப்பி ஒதுங்கியது.

நாகப்பன் போட்ட ஊளையில் கோபுரமே ஆடியதாகச் சொல்வார்கள். வெளியே பாய்ந்து, வைத்தியரைக் கூப்பிடப் போனை எடுத்தது. அதுவோ முகம் பார்த்துத் திறக்கிற போன்.

'இது உங்கள் முகம் இல்லை' என்றது போன். வலப்பக்கம் திருப்பச் சொன்னது. இடப்பக்கம் திருப்பச் சொன்னது. கடைசியில், 'முகத்தில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு வரவும்' என்று அணைந்தேபோனது.

அந்தப் போன் திறந்தால்தானே ஆப்பை நிறுத்த முடியும்? இன்றுவரை கிழங்கு வந்துகொண்டே இருக்கிறது. நம்பாதவர்கள் நரியின் மூக்கைப் போய்த் தடவிப் பார்க்கலாம்.

நீதி: சொந்த விவரத்தை யார் கேட்டாலும் ஒளிக்காமல் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரருடையதை. அவருக்கு முள் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.